தனியார் பாடசாலையில் படிப்பு எவ்வளவு ஆழம்? மட்டக்களப்பு, அம்பாறைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோர வீதியில் போனால் தனியார் பாடசாலைகளின் விளம்பரப் பலகைகளுக்குக் குறைவில்லை. குளிரூட்டிய வகுப்பறை, வான் வசதி, கணினி, ஆங்கிலம் எல்லாம் பலகையில் இருக்கும். பிள்ளை அங்கே எவ்வளவு ஆழமாகப் படிக்கும் என்பதைப் பெற்றோர் தாங்களாகத்தான் தேடிப் பார்க்க வேண்டும். அனுமதிப் பணம் கட்டுவதற்கு முன் அதைச் செய்ய உதவும் கேள்விகளும் பதில்களும் இவை.

தனியார் பாடசாலை என்று சொல்லப்படுபவை எல்லாம் ஒரே வகையா?

இல்லை. இதைத் தெளிவாக்காமல் மற்றதைக் கேட்டுப் பயனில்லை. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களின் கீழ் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. அப்போது தனியாரிடமே தங்கிவிட்டவை கல்வி அமைச்சின் அங்கீகாரத்தோடு இயங்குகின்றன. அவற்றில் தேசிய பாடத்திட்டம் நடக்கிறது, அமைச்சின் மேற்பார்வையும் உண்டு. 'சர்வதேசப் பாடசாலை' என்ற பெயரோடு வருபவை வேறு. அவை கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவானவை. அவற்றில் சில கேம்பிரிட்ஜ் அல்லது எடெக்செல் பாடத்திட்டத்தை நடத்துகின்றன. சில தேசிய பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் படிப்பிக்கின்றன. இரண்டையும் வைத்திருப்பவையும் உண்டு.

ஆகவே "அரசாங்கத்தில் பதிவு செய்த பாடசாலை" என்று அலுவலகத்தில் சொன்னால், எந்தத் திணைக்களத்தில் என்று கேளுங்கள். கம்பனிப் பதிவு வியாபாரத்துக்கான பதிவு. ஆசிரியர்களின் தகுதியையோ பாடத்தையோ யாரும் வந்து பரிசோதித்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை.

அடுத்துக் கேட்க வேண்டியவை இவை. பிள்ளை கடைசியில் எந்தப் பரீட்சை எழுதும்? உள்ளூர் பரீட்சை என்றால், பாடசாலை விண்ணப்பதாரியாகவா, தனியார் விண்ணப்பதாரியாகவா? லண்டன் பரீட்சை (கேம்பிரிட்ஜ், எடெக்செல் பரீட்சைகளை இங்கே அப்படித்தான் சொல்வோம்) என்றால், பாடசாலையே பரீட்சை நிலையமா, வேறு நிலையத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டுமா? நிலையமென்றால் அதற்கு இலக்கம் இருக்கும். கேம்பிரிட்ஜ் பாடசாலைகளை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பதில்களைக் கடிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசலில் "100% சித்தி" என்று பதாகை தொங்குகிறது. நம்பலாமா?

எண் உண்மையாகவே இருக்கலாம். எத்தனை பேரில் நூறு வீதம் என்பதுதான் பதாகையில் இராது.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். தரம் 9 இல் 40 பிள்ளைகள் இருந்தார்கள். "இந்தப் பிள்ளைக்கு இங்கே சரிவராது" என்று 8 பேரின் பெற்றோரிடம் சொல்லி, விலகல் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். மீதி 32 பேரில் பலவீனமான 6 பேரைத் தனியார் விண்ணப்பதாரிகளாக எழுத வைத்தார்கள். பாடசாலையின் பெயரில் எழுதிய 26 பேரும் சித்தி. பதாகையில் 100%. தரம் 9 இல் இருந்த 40 பேரை வைத்துக் கணக்குப் பார்த்தால் 65%. பொய் எதுவும் எழுதப்படவில்லை, ஆனால் உங்கள் பிள்ளை அந்த 14 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம்.

இதைப் பிடிப்பதற்கு அலுவலகத்தில் கேட்க வேண்டியது: கடைசி மூன்று வருடங்களுக்கு, சாதாரண தரம் எழுதிய ஒவ்வோர் அணியும் தரம் 6 இல் எத்தனை பேர், தரம் 9 இல் எத்தனை பேர், பரீட்சைக்கு எத்தனை பேர், கணிதத்திலும் முதல்மொழியிலும் எத்தனை பேர் சித்தி. மூன்று வருடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. 15 பேர் கொண்ட வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் நான்கு பேர் ஒரே வருடத்தில் வந்து சேர்ந்தாலே வீதம் தலைகீழாகிவிடும்.

'சித்தி' என்ற சொல்லையும் விரித்துக் கேளுங்கள். சாதாரண தரத்தில் 35 புள்ளிக்கு எஸ் கிடைக்கும், 75 இலிருந்து ஏ. கணிதத்தில் எல்லாரும் சித்தி என்றால் எல்லாரும் எஸ் ஆகவும் இருக்கலாம். உயர்தரத்துக்குப் போக முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் மூன்றில் சி அல்லது அதற்கு மேல் வேண்டும். ஆகவே "எத்தனை பேர் உயர்தரத்துக்குத் தகுதி, அவர்களில் எத்தனை பேர் கணித, விஞ்ஞானப் பிரிவுகளுக்குத் தகுதி" என்று கேட்டால் பாடசாலையின் உண்மையான நிலை வெளியே வரும்.

பெறுபேறு வந்தவுடன் அதிபரிடம் முழுப் பட்டியல் இருக்கும். பெயர்களை மறைத்துவிட்டு அதைக் காட்ட மறுப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை. 9ஏ எடுத்த மூன்று பிள்ளைகளின் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டி, மற்ற இருபது பேரைப் பற்றி வாய் திறக்காத இடம் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.

"இத்தனை பேரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம்" என்கிறார்களே?

கிழக்கில் இந்த எண்ணை நிதானமாக வாசிக்க வேண்டும். அரச பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 40% இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55% மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5% கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் அடங்கும். இந்த ஒதுக்கீடு நம் பிள்ளைகளுக்கு உரிமையாகக் கிடைத்தது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பாடசாலையின் தரத்தை அளக்க 'தெரிவானோர் தொகை'யைப் பயன்படுத்தினால் ஒதுக்கீட்டின் பங்கும் அதற்குள் கலந்துவிடும்.

இசட் புள்ளியையே கேளுங்கள். பாடத்தின் நாடளாவிய சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே என்பதை அது காட்டும். பூச்சியம் என்றால் ஏறக்குறைய நாட்டின் சராசரி. உச்சப் புள்ளி வேண்டாம்; வகுப்பின் நடுவில் நிற்கும் பிள்ளையின் இசட் புள்ளி என்ன என்று கேளுங்கள். பெறுபேற்றில் மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை இரண்டும் இருக்கும். பதாகையில் மாவட்ட நிலை மட்டும் இருந்தால் மற்றதையும் கேட்டு வாங்குங்கள்.

லண்டன் உயர்தரத்தில் எவ்வளவு நல்ல பெறுபேறு எடுத்தாலும், அரச பல்கலைக்கழகத்துக்கான வழமையான வழி உள்ளூர் உயர்தரம்தான். வந்தாறுமூலையோ ஒலுவிலோ கொழும்போ, பிள்ளையை அரச பல்கலைக்கழகத்தில் பார்க்க விரும்பினால் இதைத் தரம் 1 இலேயே யோசிக்க வேண்டும். வெளிநாட்டுக்கோ தனியார் பட்டப்படிப்புக்கோ அனுப்பும் வசதி இருக்கிறதா என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டுப் பாடத்திட்டத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

லண்டன் பரீட்சைப் பெறுபேறுகளை எப்படி வாசிப்பது?

எந்த வினாத்தாளுக்குப் பிள்ளைகளைப் பதிகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்ஈ (லண்டன் சாதாரண தரம்) கணிதத்தில் 'கோர்', 'எக்ஸ்டெண்டட்' என்று இரண்டு மட்டங்கள். கோர் எழுதும் பிள்ளைக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தான் உச்சம். எடெக்செல் கணிதத்தில் 'ஃபவுண்டேஷன்' எழுதினால் உச்சம் 5, 'ஹையர்' எழுதினால் 9 வரை போகலாம். எல்லாரையும் கீழ்மட்டத்துக்குப் பதிந்துவிட்டு "எல்லாரும் சித்தி" என்று சொல்லும் பாடசாலையில், உயர்தரத்தில் கணிதம் செய்ய விரும்பும் பிள்ளை முட்டி நிற்கும்.

அடுத்து, எத்தனை பாடம், எத்தனை அமர்வு. ஒரே அமர்வில் எட்டுப் பாடம் எழுதி நல்ல பெறுபேறு எடுப்பதும், மூன்று அமர்வுகளில் இரண்டிரண்டாக எழுதிச் சேர்ப்பதும் ஒன்றாகாது. 'நாட்டில் முதலிடம்' விருது ஒரு பிள்ளைக்குக் கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளையைப் பாராட்டுவோம். அதை வைத்து வகுப்பை அளக்க முடியாது.

பெறுபேறே இல்லாத புதிய பாடசாலை. எதைப் பார்ப்பது?

கொப்பியைப் பாருங்கள். பெறுபேறு உள்ள பாடசாலையிலும் இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம், ஏனென்றால் பதாகையை ஒரு நாளில் அச்சடிக்கலாம், ஒரு வருடத்துக் கொப்பியை ஒரு நாளில் எழுத முடியாது. அங்கே படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளையின் கொப்பி கிடைத்தால் மிக நல்லது. பாடசாலையே தெரிவுசெய்து காட்டும் கொப்பி வகுப்பின் முதல் பிள்ளையுடையதாக இருக்கும். "நடுத்தரமான பிள்ளையின் கணிதக் கொப்பியும் விஞ்ஞானக் கொப்பியும்" என்று கேட்டு வாங்குங்கள். தரம் 7 அல்லது 8 பொருத்தம்.

திகதிகளைப் புரட்டுங்கள். கணிதம் வாரத்தில் எத்தனை நாள் நடந்திருக்கிறது? இரண்டு வாரம் வெறுமையாக இருந்தால் அந்தப் பாடவேளைகள் எங்கே போயின? பாடநூலோடு ஒப்பிடுங்கள். தேசிய பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் உண்டு, எந்த அலகுக்கு எத்தனை பாடவேளை என்று அவற்றில் இருக்கும். இரண்டாம் தவணை முடிவில் நூலின் மூன்றில் ஒரு பங்குதான் நடந்திருந்தால், மீதியை மூன்றாம் தவணையில் திணிப்பார்கள் அல்லது விட்டுவிடுவார்கள்.

பிறகு திருத்தம். ஒரு பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டிவிட்டது. மிகச் சாதாரணமான பிழை. ஒரு கொப்பியில் அதன் மேல் சிவப்புப் பேனையால் ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் பெரிய கையெழுத்து, அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் அதே பிழை இருக்கும். இன்னொரு கொப்பியில் அதே இடத்தில் "பகுதிகள் சமமா? அரையை விட விடை குறையுமா?" என்று ஆசிரியர் எழுதியிருப்பார். கீழே பிள்ளை 3/6 + 2/6 = 5/6 என்று திரும்பச் செய்திருக்கும். மூன்று நாள் கழித்து 2/3 + 1/4 என்ற கணக்கு வந்து, 11/12 என்று சரியாக இருக்கும். இந்த இரண்டாவது கொப்பி உள்ள வகுப்பில் படிப்பு நடக்கிறது. ஒரு பிழையும் இல்லாமல் எல்லாப் பக்கமும் அழகாக இருந்தால் மகிழ வேண்டாம்: கரும்பலகையில் ஆசிரியர் செய்ததைப் பிள்ளைகள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஐந்து கொப்பிகளில் ஒரே வசனம் ஒரே இடத்தில் இருந்தாலும் அதே கதைதான்.

தமிழ், ஆங்கிலம், வரலாறு ஆகிய பாடங்களில் பிள்ளை சொந்தமாக எழுதிய பந்திகளைத் தேடுங்கள். தரம் 8 இல் மாதத்துக்கு ஒரு பக்கமாவது சொந்த எழுத்து இல்லாவிட்டால், பரீட்சையில் கட்டுரை வினா வரும்போது பிள்ளை மனப்பாடத்தையே நம்பியிருக்கும்.

பாடசாலைத் தவணைப் பரீட்சையில் 90 எடுக்கிறாள். போதாதா?

வினாத்தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. வலய மட்டத்தில் தவணைப் பரீட்சைத் தாள் தயாரிக்கும்போது பல பாடசாலைப் பிள்ளைகள் அதே தாளுக்கு எழுதுகிறார்கள். தனியார் பாடசாலை தன் தாளைத் தானே தயாரித்து, தானே திருத்தி, தானே புள்ளி போடுகிறது. கட்டணம் கட்டும் பெற்றோரை மகிழ்விக்கும் ஆசை அங்கே எளிதில் புகுந்துவிடும்.

தாளில் இந்த வேறுபாட்டைத் தேடுங்கள். "செவ்வகத்தின் நீளம் 8 செ.மீ., அகலம் 5 செ.மீ., பரப்பளவு யாது?" இது சூத்திரத்தைப் போட்டால் முடிகிற கேள்வி. "செவ்வக வடிவக் காணியொன்றைச் சுற்றி ஒரு வரி வேலியடைக்க 52 மீற்றர் கம்பி தேவைப்பட்டது. நீளம் அகலத்தைவிட 6 மீற்றர் கூட. பரப்பளவு யாது? இதே 52 மீற்றருக்குள் இதைவிடப் பெரிய செவ்வகக் காணி அடைக்கலாமா?" இங்கே பிள்ளை நீளம் 16, அகலம் 10 என்று கண்டுபிடித்து, 160 சதுர மீற்றர் என்று சொல்லி, பின் 13க்கு 13 சதுரமாக்கினால் 169 என்று காட்ட வேண்டும். ஒரு தாளில் முதல் வகை மட்டும் இருந்தால் 90 புள்ளிக்கு எடையில்லை. தாளில் மூன்றில் ஒரு பங்காவது இரண்டாம் வகையாக இருந்தால், அங்கே எடுத்த 65 ஐ மதியுங்கள்.

உறுதிப்படுத்த எளிய வழி: தரம் 11 பிள்ளை என்றால் பழைய சாதாரண தரக் கணித வினாத்தாள் ஒன்றின் முதலாம் பத்திரத்தைக் கொடுங்கள். பகுதி அ இல் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றும் 2 புள்ளி. பகுதி ஆ இல் 5 வினாக்கள், ஒவ்வொன்றும் 10 புள்ளி. நேரம் 2 மணித்தியாலம். பாடசாலை முடித்துவிட்டதாகச் சொல்லும் அலகுகளுக்குரிய வினாக்களை மட்டும் எண்ணுங்கள். பாடசாலைப் புள்ளிக்கும் இதற்கும் 10 வித்தியாசம் இயல்பு. 25 அல்லது 30 என்றால் பாடசாலையின் புள்ளி வீங்கியிருக்கிறது.

நல்ல பெறுபேறு பாடசாலையால் வந்ததா, ரியூசனால் வந்ததா?

நம் பகுதியில் பிரித்தறிய மிகக் கடினமான கேள்வி இதுதான். அதிபரிடம் கேட்டால் பாடசாலையால் என்பார். தரம் 10, 11 பிள்ளைகளிடம் கேளுங்கள்: கணிதமும் விஞ்ஞானமும் எங்கே ரியூசன் போகிறீர்கள், வாரத்தில் எத்தனை நாள், ரியூசனில் புதிய பாடம் படிக்கிறீர்களா, பாடசாலையில் படித்ததைப் பயிற்சி செய்கிறீர்களா? "ரியூசனில் முதலே முடித்துவிட்டோம், சேர் இங்கே கெதியாகச் சொல்லிக்கொண்டு போவார்" என்ற பதில் பலரிடமிருந்து வந்தால், நீங்கள் கட்டப்போகும் கட்டணம் வகுப்பறைக்கும் சீருடைக்கும் தான். பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியரே அதே பிள்ளைகளை மாலையில் காசுக்கு எடுக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். அப்படியிருந்தால் வகுப்பில் பாதியை விட்டுவைக்கும் ஆசை வரும்.

ரியூசன் இல்லாத பாடங்கள் நல்ல அளவுகோல். வரலாறு, புவியியல், குடியியல், சித்திரம், தமிழ் இலக்கியம் போன்றவற்றுக்கு ரியூசன் போகும் பிள்ளைகள் குறைவு. அந்தப் பாடங்களில் பெறுபேறு எப்படி என்று பாருங்கள். அவற்றில் நன்றாகச் செய்யும் பாடசாலை தன் வேலையைத் தானே செய்கிறது.

ஆங்கில மொழிமூலம் என்றால் தரம் கூடத்தானே?

மொழிமூலம் வேறு, ஆழம் வேறு. தரம் 6 இல் "போட்டோசிந்தசிஸ்" என்று சரளமாகச் சொல்லும் பிள்ளையிடம், இலை ஏன் வெயிலில் இருக்க வேண்டும் என்று தமிழில் கேளுங்கள். எந்த மொழியிலும் விளக்க முடியாவிட்டால் பிள்ளை சொல்லை மட்டும் படித்திருக்கிறது. ஆங்கிலத்தில் திணறி, தமிழில் அழகாக விளக்கினால் விடயம் புரிந்திருக்கிறது, மொழி பின்னால் வரும்.

ஆசிரியரின் ஆங்கிலத்தையும் கவனியுங்கள். வகுப்பு நடக்கும்போது வெளியே ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஆசிரியர் நூலிலிருந்து ஆங்கில வசனத்தை வாசித்து, தமிழில் கருத்துச் சொல்லி, திரும்ப அதே வசனத்தை எழுதச் சொன்னால், பிள்ளை இரண்டு மொழியிலும் அரைகுறையாகும்.

தமிழ்ப் பாடத்தைக் கால அட்டவணையில் எண்ணுங்கள். வாரத்தில் இரண்டே பாடவேளை என்றால், உள்ளூர் சாதாரண தரம் எழுதும் எண்ணம் உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதல்மொழியில் சித்தி இல்லாமல் உயர்தரம் இல்லை.

ஆரம்பப் பிரிவில் எப்படிச் சோதிப்பது? அங்கே தரம் 5 வரை பொதுப் பரீட்சை எதுவும் இல்லையே.

வாசிப்பு. தரம் 3 பிள்ளைக்கு, அந்த வகுப்பு மட்டத்தில் ஆனால் இதற்கு முன் பார்த்திராத, ஏறக்குறைய 100 சொல் கொண்ட ஒரு பந்தியைக் கொடுங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. சத்தமாக வாசிக்கும்போது பிழைகளை எண்ணுங்கள். 5 பிழைக்குள் என்றால் தானாக வாசிக்கும். 10 ஐத் தாண்டினால் அந்த மட்டம் பிள்ளைக்குக் கடினம். பிறகு "ஏன்" என்று தொடங்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்து ஒன்றும் விளங்காத பிள்ளைகள் ஏராளம். நூலில் படித்த பாடத்தையே கொடுத்தால் மனப்பாடமாகச் சொல்லிவிடும், ஆகவே புதிய பந்தி அவசியம்.

கணிதத்துக்கு, 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொல்லி, ஏன் பத்தைக் கடன் வாங்கினாய் என்று கேளுங்கள். விளக்கத் தெரிந்தால் நன்றாகப் படிப்பித்திருக்கிறார்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பெறுபேறு?

இரண்டு பத்திரம், 200 புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் வெட்டுப்புள்ளி. அதற்காகத் தரம் 4, 5 முழுவதையும் மாதிரி வினாத்தாளில் கழிக்கும் இடங்களில் சூழல்சார் செயற்பாடு, வாசிப்பு, எழுத்து எல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களின் தொகையைக் கேட்கும்போது, தரம் 5 கால அட்டவணையையும் கேளுங்கள்.

ஆசிரியர்களைப் பற்றி என்ன கேட்பது?

மூன்று விடயம்: அந்தப் பாடத்தில் பட்டமா, படிப்பிக்கும் பயிற்சி உண்டா, எத்தனை வருடமாக இங்கே? தாழங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளின் டிப்ளோமாவோ, பட்டப்பின் கல்வி டிப்ளோமாவோ இருந்தால் பயிற்சி உண்டு. உயர்தர இரசாயனத்தை இரசாயனம் படித்தவர் எடுக்கிறாரா, வேறு பாடப் பட்டதாரி எடுக்கிறாரா என்று பெயர் குறிப்பிடாமலே கேட்கலாம்.

கிழக்கில் மூன்றாவது கேள்வி மற்ற இரண்டையும் விட முக்கியம். பட்டதாரிகள் பலர் அரச நியமனம் வரும் வரை தனியார் பாடசாலையில் நிற்கிறார்கள். நியமனம் வந்ததும், வருட நடுவிலானாலும், போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சம்பளமும் ஓய்வூதியமும் அங்கே இருக்கின்றன. ஆனால் தரம் 10 கணிதத்துக்கு ஒரே வருடத்தில் மூன்று பேர் மாறினால் பிள்ளையின் அடித்தளம் ஆடிவிடும். "இப்போதைய தரம் 10 அணிக்குத் தரம் 8 இலிருந்து கணிதம் எடுத்தவர்கள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். இரண்டு பேர் என்றால் நல்லது. நான்கு, ஐந்து என்றால் ஆசிரியர்களைத் தக்கவைக்க நிர்வாகம் செலவழிக்கவில்லை.

ஆய்வுகூடம் காட்டினார்கள். நன்றாக இருந்தது. அது போதுமா?

அலுமாரியில் போத்தல்கள் புதிதாக, லேபல் கிழியாமல், முத்திரை உடையாமல் இருந்தால் யாரும் தொடவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். பன்சன் சுடரடுப்புக்கு வாயு இருக்கிறதா? 30 பிள்ளைக்கு எத்தனை நுணுக்குக்காட்டி?

அதைவிடச் சிறந்த சோதனை பிள்ளையிடம் கேட்பது. இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை எல்லாரும் கொப்பியில் எழுதியிருப்பார்கள். "இலையை ஏன் மதுசாரத்தில் கொதிக்க வைத்தீர்கள்? மதுசாரத்தை ஏன் நேரே சுவாலையில் வைக்கவில்லை?" என்று கேளுங்கள். பச்சையம் நீங்கினால்தான் அயடீனின் நிறமாற்றம் தெரியும் என்பதையும், மதுசாரம் தீப்பற்றும் என்பதால் நீர்த்தொட்டியில் வைத்தோம் என்பதையும், இலை மொறுமொறுத்துப் போனதால் வெந்நீரில் தோய்த்தோம் என்பதையும் செய்த பிள்ளை தயங்காமல் சொல்லும். எழுதிய பிள்ளை "ரீச்சர் அப்படித்தான் சொன்னா" என்னும்.

உள்ளூர் உயர்தர பௌதிகவியலில் தனியான செய்முறைப் பரீட்சை இல்லாததால் சில இடங்களில் ஆய்வுகூட வேலையை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அமைப்புக் கட்டுரை வினாக்களில் பரிசோதனை சார்ந்தவை தவறாமல் வருகின்றன, பிள்ளைகள் அங்கேதான் புள்ளி இழக்கிறார்கள். லண்டன் பக்கத்தில், கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்ஈ விஞ்ஞானப் பாடங்களில் நேரடிச் செய்முறைப் பரீட்சைக்குப் பதிலாக எழுத்துப் பத்திரத்தைத் தெரிவுசெய்யலாம். எதைத் தெரிவுசெய்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். கேம்பிரிட்ஜ் உயர்தரத்துக்குப் போகும்போது செய்முறைப் பத்திரத்தைத் தவிர்க்க முடியாது.

வீட்டுவேலை நிறையத் தந்தால் நல்ல பாடசாலையா?

அளவு எதையும் காட்டாது. திருத்தித் திரும்பி வருகிறதா என்பதைப் பாருங்கள். திருத்தாத இருபது கணக்கை விட, திருத்திய ஐந்து கணக்கு மேல்.

மாரியில் பாடசாலை நின்றுபோகும் நாட்களை எப்படி ஈடுசெய்கிறார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்து வீதிகள் மூடப்படுவது இங்கே வழக்கம். 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சையே சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. முன்யோசனையுள்ள பாடசாலை கடினமான அலகுகளை இரண்டாம் தவணைக்குள் முடித்துவிடும், இழந்த நாட்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைக்கும், எந்த அலகு விடுபட்டது என்று பதிவு வைத்திருக்கும். கடந்த மாரியில் எத்தனை நாள் போயிற்று, எந்தெந்தத் திகதியில் ஈடுசெய்தீர்கள் என்று கேளுங்கள். திகதி சொல்ல முடியாவிட்டால் ஈடுசெய்யவில்லை.

அரச பாடசாலையோடு ஒப்பிடலாமா?

கட்டாயம் ஒப்பிட வேண்டும். 1814 இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி போன்ற மட்டக்களப்பின் பழைய பெயர்பெற்ற பாடசாலைகள் இன்று அரச பாடசாலைகள், கட்டணமில்லாதவை. தனியார் பாடசாலைக்கு மாதாமாதம் காசு கட்டுகிறீர்கள் என்றால், பக்கத்திலுள்ள அரச பாடசாலையில் கிடைக்காத எது இங்கே கிடைக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சிறிய வகுப்பு, ஆங்கிலம், வான் என்று வரும். சிறிய வகுப்பு என்றால் கொப்பி நன்றாகத் திருத்தப்பட்டிருக்க வேண்டுமே, திருத்தப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் 22 பேர் என்ன, 42 பேர் என்ன.

ஒப்பிடும்போது ஒரு நியாயம் வேண்டும். நுழைவுப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் இடத்தையும், வருகிற எல்லாரையும் சேர்க்கும் இடத்தையும் கடைசிப் பெறுபேற்றில் மட்டும் ஒப்பிடக் கூடாது. பலவீனமாக வந்த பிள்ளையை ஒரு பாடசாலை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது என்பதற்கே எங்கள் மதிப்பு அதிகம்.

சேர்த்துவிட்டோம். இப்போது சந்தேகம். எப்போது மாற்றலாம்?

முதல் தவணை முடிந்ததும் மேலே சொன்ன கொப்பிச் சோதனையையும் வினாத்தாள் சோதனையையும் வீட்டில் செய்யுங்கள். குறை தெரிந்தால் பாட ஆசிரியரிடம் கொப்பியோடு போங்கள், பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். அதற்குப் பின் ஒரு தவணையில் திருத்தம் தெரிந்தால் நில்லுங்கள்.

மாற்றுவதென்றால் தரம் 6 க்கு முன் மாற்றுவது மிக இலகு. தரம் 9 முடிவு கடைசி நல்ல வாய்ப்பு, ஏனென்றால் சாதாரண தரப் பாடத்திட்டம் தரம் 10, 11 இரண்டுக்கும் சேர்ந்தது, தொகுதிப் பாடங்கள் மூன்றும் தரம் 10 தொடக்கத்தில் தெரிவாகிவிடும். லண்டன் பாடத்திட்டத்திலிருந்து உள்ளூருக்கு வருவதென்றால் வரலாறு, சமயம், தமிழ் மூன்றிலும் இடைவெளி இருக்கும். தரம் 7, 8 பாடநூல்களை எடுத்து, மாறுவதற்கு முந்தைய ஆறு மாதம் அந்த மூன்றையும் வீட்டில் படிப்பித்துக்கொள்ளுங்கள். புதிய பாடசாலையில் இடம் உறுதி என்று எழுத்தில் வரும் வரை பழைய இடத்தில் விலகல் சான்றிதழ் கேட்க வேண்டாம். விலகும் நாளில் கட்டண நிலுவை இல்லை என்ற கடிதத்தையும், பிள்ளையின் தவணை அறிக்கைகள் எல்லாவற்றினதும் பிரதிகளையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு வாருங்கள்.